டயட் சார்ட்டைத் தேடும் முன் உங்கள் தெருவைக் கணக்கெடுங்கள்

எடை கூடிவிட்டது என்று டாக்டரிடம் போனால் எல்லா ஊரிலும் ஒரே அறிவுரைதான் கிடைக்கும். எண்ணெயைக் குறைங்க, சோற்றைக் குறைங்க, காய்கறி நிறைய சேர்த்துக்கங்க, தினமும் முக்கால் மணி நேரம் நடங்க. தப்பில்லாத அறிவுரை. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டு வெளியே வருகிறவர் பதினெட்டாயிரம் சம்பளத்தில், ஒற்றை அறை வீட்டில், ஃபிரிட்ஜ் இல்லாமல், இரவு ஒன்பதரைக்கு வேலை முடிந்து வருகிறவர் என்றால், எங்கே வாங்குவது, யார் நறுக்குவது, எங்கே நடப்பது என்ற மூன்று கேள்விக்கும் அந்தச் சீட்டில் பதில் இருக்காது. இங்கே நான் எழுதப்போவது அந்த மூன்றையும் பற்றித்தான். சென்னையை மனதில் வைத்து எழுதுகிறேன், ஆனால் திருப்பூர், ஓசூர், மதுரை என்று வேலைக்காக ஆட்கள் குவிகிற எந்த ஊருக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

முதலில் ஒரு எண். தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 2015-16இல் 30.9 சதவீதப் பெண்கள் அதிக எடையோடு இருந்தார்கள். 2019-21இல் அது 40.4. ஆண்கள் 28.2இலிருந்து 37. நாடு முழுவதற்கும் பெண்களின் சராசரி 24தான். நடுவில் சுமார் ஐந்து வருஷம்தான். இத்தனை லட்சம் பேருக்கு ஒரே சமயத்தில் மனக்கட்டுப்பாடு போய்விட்டது என்று யாராவது சொன்னால் நான் நம்ப மாட்டேன். அவர்களைச் சுற்றி ஏதோ மாறியிருக்கிறது. அதே ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல், 53.4 சதவீதம் பேருக்கு, ரத்தசோகை. எடையும் கூடுகிறது, இரும்புச்சத்தும் இல்லை. "நல்லா சாப்பிடுறாங்க, அதான் குண்டாயிட்டாங்க" என்கிற பேச்சு எவ்வளவு தவறு என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

"அதெல்லாம் பணக்காரங்க நோய்" என்பது இன்னொரு பேச்சு. ஒரு காலத்தில் உண்மை. இன்றும் நாடு முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் வசதியானவர்களிடம்தான் எடை அதிகம். ஆனால் காற்று திரும்பிக்கொண்டிருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆதரவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு 2017இல் வெளியானபோது, சண்டிகர், மகாராஷ்டிரா, தமிழ்நாடு போன்ற வளர்ந்த பகுதிகளின் நகரங்களில் சர்க்கரை நோய் வசதியானவர்களைவிட வசதி குறைந்தவர்களிடம் அதிகமாக இருந்தது. உடல் பருமனும் சர்க்கரை நோயும் ஒன்றின் பின்னால் ஒன்று வருகிறவை, அதனால் இந்தச் செய்தியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இதைவிட எனக்குப் பிடித்த ஆய்வு ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. சர்க்கரை நோய் நிபுணர் டாக்டர் வி. மோகனின் குழு 1996 வாக்கில் இரண்டு குடியிருப்புகளை எடுத்துக்கொண்டது. ஒன்று திருமங்கலத்தில் நடுத்தர வருமானக்காரர்கள் இருந்தது, மற்றது தி.நகரில் குறைந்த வருமானக்காரர்கள் இருந்தது. திருமங்கலத்தில் 12.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய், தி.நகர் குடியிருப்பில் பாதிதான், 6.5. பத்து வருஷம் கழித்துத் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். திருமங்கலத்தில் 15.4. தி.நகரில் 15.3. ஏழைகளுக்கு இருந்த அனுகூலம் பத்தே வருஷத்தில் காணாமல் போய்விட்டது. நடுவில் நடந்தது என்னவென்றால், திருமங்கலத்தில் விழிப்புணர்வுக் கூட்டங்கள் நடத்தினார்கள், அதைக் கேட்ட குடியிருப்புவாசிகள் தாங்களே சேர்ந்து ஒரு பூங்கா கட்டிக்கொண்டார்கள். உடற்பயிற்சி செய்கிறவர்கள் அங்கே நூற்றுக்குப் பதினைந்து என்ற அளவிலிருந்து பாதிக்கு மேல் போனார்கள். தி.நகர் குடியிருப்பில் அப்படி எதுவும் நடக்கவில்லை.

இடம் அவ்வளவு முக்கியமா என்று இன்னும் சந்தேகம் இருந்தால், அமெரிக்காவில் அதைக் குலுக்கல் போட்டே பார்த்திருக்கிறார்கள். 1994 முதல் 1998 வரை ஐந்து நகரங்களில், ஏழ்மை மிகுந்த பகுதிகளில் இருந்த சுமார் 4,500 குடும்பங்களைக் குலுக்கி, சிலருக்கு வறுமை குறைவான பகுதிக்கு வீடு மாற வாடகை உதவி கொடுத்தார்கள். டயட் இல்லை, ஜிம் இல்லை, வீடு மாறியது மட்டும்தான். பத்துப் பதினைந்து வருஷம் கழித்து அளந்தபோது, அந்த வாய்ப்புக் கிடைத்த பெண்களிடம் மிகக் கடுமையான உடல் பருமனும் சர்க்கரை நோயும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன.

சரி, நம்மால் வீடு மாற முடியாது. அட்வான்ஸ் யார் கொடுப்பது? இருக்கிற இடத்தில் என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

முதலில் டேப்

தராசு அப்புறம். தையல்காரர் வைத்திருக்கும் டேப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் நுனிக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபிறகு, வயிற்றை உள்ளே இழுக்காமல் அளக்கவும். பேன்ட் சைஸ் கணக்காகாது, தொப்பைக்குக் கீழே பெல்ட் போட்டுக்கொண்டு "முப்பத்துநாலுதான்" என்று சொல்லிக்கொள்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும். உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பி.எம்.ஐ. பார்ப்பதென்றால் எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். 160 செ.மீ. உயரம், 64 கிலோ என்றால் 25 வரும். மேலைநாட்டு அளவில் அது அதிக எடையின் ஆரம்பம், இந்தியர்களுக்கான அளவில் 23லேயே அதிக எடை, 25லேயே உடல் பருமன்.

ஏன் நமக்கு மட்டும் இந்தக் கடுமை? புனேவின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்த படம் ஒன்று 2004இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. வெள்ளைக்காரர் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், நம்மவர் உடலில் 21.2. ஆள் ஒல்லி, உள்ளே கொழுப்பு. யாஜ்னிக்கின் குழு புனே பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளை அளந்தபோதும் இதையே பார்த்தது: குழந்தை எடை குறைவு, ஆனால் அந்தக் குறைந்த எடையிலும் கொழுப்பின் பங்கு அதிகம். வயிற்றுக்குப் பத்தாத வீட்டில் பிறந்து, இருபது வயதில் நகரத்துச் சம்பளத்துக்கு வந்து, மூன்று வேளையும் நிறையச் சாப்பிட ஆரம்பிக்கிறவருக்கு ஏன் வயிறு மட்டும் முன்னால் வருகிறது என்பதன் ஒரு பகுதி இதில் இருக்கிறது. வருமானத்தின் கணக்கு நீங்கள் பிறக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தெருக் கணக்கு

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, நீங்கள் வழக்கமாக வீடு திரும்பும் நேரத்தில் வெளியே கிளம்புங்கள். காலையில் போனால் ஊர் வேறு மாதிரி இருக்கும், அது உங்கள் தெருவே இல்லை. வீட்டிலிருந்து நாலு பக்கமும் பத்து நிமிஷ நடை. இடது பக்கம் எண்ணெய், சர்க்கரை, மைதா விற்கும் கடைகளை எழுதுங்கள்: பஜ்ஜி, பரோட்டா, ஃபிரைடு ரைஸ், பேக்கரி, கலர் கலராகத் தின்பண்டப் பாக்கெட் சரம் தொங்கும் பெட்டிக்கடை. வலது பக்கம் காய், பழம், முட்டை, மீன், சுண்டல், மோர், இளநீர். ஒவ்வொன்றுக்கும் நேராக மூடும் நேரம். முடிந்தால் விலை.

பெரும்பாலும் வலது பக்கம் ஒன்பது மணிக்குள் மூடியிருக்கும், இடது பக்கம் அப்போதுதான் சூடு பிடித்திருக்கும். ஒன்பதரைக்குப் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவருக்கு அந்தத் தெருவில் இருப்பது பரோட்டாவும் சால்னாவும் மட்டும்தான். அவர் "தேர்ந்தெடுக்கிறார்" என்று சொல்வது நியாயமா?

எண்ணிக்கையைவிட முக்கியம், பஸ் ஸ்டாப்புக்கும் வீட்டுக்கும் நடுவில் உங்கள் கால் தினமும் போகும் பாதையில் எது இருக்கிறது என்பது. அந்தப் பாதையைத் தனியாகக் கோடு போட்டு வையுங்கள். அதில் மூன்று பேக்கரியும் ஒரு பஜ்ஜிக் கடையும் இருந்தால் பாதையை மாற்ற முடியுமா பாருங்கள், பக்கத்துத் தெரு வழியாக ரெண்டு நிமிஷம் கூடுதலாக ஆனாலும் பரவாயில்லை. மாற்ற முடியாவிட்டால் பசியை மாற்றுங்கள். மாலை ஐந்து, ஐந்தரைக்கு வேலை இடத்திலேயே ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ, அவித்த பயறோ, ரெண்டு வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது. பசியோடு பஜ்ஜிக் கடையைக் கடக்கிறவனிடம் மன உறுதி பற்றிப் பேசுவது வீண்.

காய்கறியைப் பொறுத்தவரை, வீட்டுப் பக்கம் இல்லாவிட்டால் வேலைக்குப் போகும் வழியில், மதிய இடைவேளையில் எங்கே கிடைக்கும் என்று பாருங்கள். உழவர் சந்தை 1999 நவம்பரில் மதுரை அண்ணா நகரில் தொடங்கியது, இப்போது பல ஊர்களில் இருக்கிறது. அன்றைய விலையைப் பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள், ஏமாற்ற முடியாது, ஆனால் காலையிலேயே போக வேண்டும். சாயங்காலம்தான் முடியும் என்றால் தெருவோர வியாபாரிகள் கடை கட்டும் நேரத்தில் கூறு போட்டு விற்பதைப் பிடியுங்கள். காலையில் நாற்பது சொன்ன கத்தரிக்காய் ராத்திரி கூறு இருபது. கொஞ்சம் வாடியிருக்கும், சாம்பாருக்கு என்ன வந்தது?

பள்ளிக்கூட வாசலையும் விட்டுவிடாதீர்கள். அதைத் தனியாக எழுதுங்கள், அதை வைத்து அப்புறம் ஒரு வேலை இருக்கிறது.

காசுக் கணக்கு

ரேஷன் கடையில் பாமாயில் லிட்டர் 25 ரூபாய். ஒரு லிட்டர் எண்ணெயில் சுமார் 8,000 கலோரி. அதாவது ஒரு ரூபாய்க்கு 320 கலோரி. கடையில் ஒரு கட்டு கீரை 20 ரூபாய் என்று வைத்தால் அதில் கிடைப்பது அறுபது கலோரி, ரூபாய்க்கு மூன்று. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். கையில் காசு குறையக் குறைய, நாலு பேருக்கு வயிறு நிரப்ப வேண்டிய ஒரு அம்மா எந்தப் பக்கம் சாய்வாள் என்பதற்குப் பெரிய பொருளாதாரம் தேவையில்லை. அவள் கணக்குச் சரியாகத்தான் போடுகிறாள். அரிசி இலவசம், எண்ணெயும் சர்க்கரையும் மலிவு, காயும் பழமும் முட்டையும் முழு விலை. இந்த வரிசையில் விலை வைத்துவிட்டு வயிறு ஏன் வருகிறது என்று கேட்கிறோம்.

ஆனால் அதே ரேஷன் கடையில் ஒரு பொக்கிஷம் இருக்கிறது, அதை யாரும் போதுமான அளவுக்குப் பாராட்டுவதில்லை: துவரம் பருப்பு, கிலோ 30 ரூபாய். நூறு கிராமுக்கு இருபது கிராமுக்கு மேல் புரதம். இந்த விலையில் இவ்வளவு புரதம் வேறு எங்கும் கிடைக்காது. வரும் மாதமெல்லாம் தவறாமல் வாங்குங்கள், விற்காதீர்கள், ஹோட்டல்காரரிடம் கொடுக்காதீர்கள். நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு கிலோ என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம்தான் வரும், அது பத்தாது, அதனால் கூடவே மாதம் ஒரு கிலோ கொண்டைக்கடலையோ தட்டைப்பயறோ, வாரத்துக்கு ஒரு டஜன் முட்டையோ சேருங்கள். இதற்கான காசு எங்கிருந்து வரும் என்றால், பெரும்பாலான வீட்டில் அது ஏற்கெனவே பத்து ரூபாய், பத்து ரூபாயாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஒரே ஒரு வாரம் டீ, பிஸ்கட், பாக்கெட், கூல்டிரிங்க்ஸ் செலவை மட்டும் செல்போனில் குறித்துப் பாருங்கள். ரெண்டு பிள்ளைக்கும் தினம் பத்து ரூபாய் என்றாலே மாதம் அறுநூறு. அந்த அறுநூறில் என்ன வரும் என்று மளிகைக்கடையில் கேட்டுப் பாருங்கள்.

2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி. மாறியபோது பிஸ்கட்டுக்கு 18இலிருந்தும் மிக்சர் வகைக்கு 12இலிருந்தும் வரி 5 சதவீதமாகக் குறைந்தது. கூல்டிரிங்க்ஸுக்கு 40. ஒன்றைத் தண்டித்து இன்னொன்றைத் தட்டிக்கொடுத்தது எந்தக் கணக்கு என்று எனக்குப் புரியவில்லை. பாக்கெட்டில் விலை அதே பத்து ரூபாயாக இருந்து உள்ளே கிராம் கூடினால் அது சலுகை என்று நினைக்காதீர்கள்.

எண்ணெய்க்கு ஒரு வழி. ஆளுக்கு மாதம் அரை லிட்டர், இதுதான் டயட்டீஷியன்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு. நாலு பேருக்கு ரெண்டு லிட்டர். முதல் தேதியே அளந்து தனி பாட்டிலில் ஊற்றி, நாலு கோடு போட்டு, வாரத்துக்கு ஒரு கோடு என்று இறக்குங்கள். ரெண்டாவது வாரமே மூன்றாவது கோட்டைத் தொட்டால் எங்கே போகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிடும், யாரையும் திட்ட வேண்டியதில்லை. பாமாயிலா, கடலை எண்ணெயா என்று ஒரு சண்டை இருக்கிறது, ரேஷனில் கடலை எண்ணெயும் தேங்காய் எண்ணெயும் கொடுங்கள் என்று விவசாயிகள் கேட்பதில் நியாயம் உண்டு, பாமாயிலில் கிட்டத்தட்ட பாதி நிறைவுற்ற கொழுப்பு என்பதும் உண்மை. ஆனால் இடுப்பளவைப் பொறுத்தவரை எந்த எண்ணெயானாலும் கலோரி ஒன்றுதான். செக்கு எண்ணெய் என்று சொல்லி இரண்டு கரண்டி கூடுதலாக ஊற்றுவதில் லாபமில்லை.

மாசக் கணக்கில் இன்னொரு விஷயம் உண்டு, கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். முதல் வாரம் பிரியாணி, மூன்றாம் வாரம் சாம்பார், கடைசி வாரம் வெறும் ரசமும் அப்பளமும். சம்பளம் வந்தவுடன் கொண்டாட்டமாகவும் மாசக் கடைசியில் சோறு மட்டுமாகவும் போகும் வீட்டில் இரண்டு முனையுமே எடைக்குத்தான் உதவுகிறது. முதல் வாரமே கெட்டுப்போகாத புரதத்தை வாங்கிப் போட்டுவிடுங்கள்: பருப்பு, பயறு, வேர்க்கடலை, கருவாடு. கடைசி வாரத்துக்கு அவை காப்பாற்றும். மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாய் வருகிற வீட்டில் அதில் ஒரு பங்கை முட்டைக்கும் காய்க்கும் என்று அந்த அம்மாவே ஒதுக்கிவைப்பது நல்ல ஏற்பாடு, ஏனென்றால் மற்ற பணத்தில் அவள் தட்டுக்குக் கடைசியில்தான் வரும்.

ஃபிரிட்ஜ் இல்லாதவர்கள் பூசணி, பரங்கி, சேனை, வாழைக்காய், முட்டைக்கோஸ், சௌசௌ என்று தாங்குகிற காயாக வாங்குங்கள். வெட்டாத பரங்கி வாரக்கணக்கில் இருக்கும். முருங்கைக்கீரையைக் காசு கொடுத்து வாங்க வேண்டிய தெரு இன்னும் குறைவு, பக்கத்து வீட்டு மரத்தைக் கேளுங்கள். கம்பு, கேழ்வரகு நல்லதுதான், ஆனால் கடையில் "மில்லட்" என்று பெயர் வைத்து விற்கும் பாக்கெட்டை விட்டுவிடுங்கள், அது வேறு வருமானக்காரர்களுக்கு. ஐதராபாத்தின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் சொன்ன அளவு, ஒரு நாளைக்குக் காய் 400 கிராம், பழம் 100 கிராம். ஒரேயடியாக அதை எட்ட முடியாது. இப்போது ஒரு கரண்டி பொரியல் என்றால் அதை இரண்டாக்கி, சோற்றை ஒரு கரண்டி குறைப்பதில் தொடங்கலாம்.

டீயைத் தனியாகச் சொல்ல வேண்டும். கட்டட வேலை, லோடு, டிரைவர், செக்யூரிட்டி என்று நின்றுகொண்டே செய்யும் வேலைகளில் டீதான் சாப்பாடு. டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் பத்து கிராம், ஐந்து டீக்கு ஐம்பது. உலக சுகாதார நிறுவனம் ஒரு நாள் முழுக்கவே அதைத் தாண்டக் கூடாது, முடிந்தால் 25க்குள் வைத்துக்கொள் என்கிறது. "மாஸ்டர், சர்க்கரை கம்மி" என்று சொல்லப் பழகுங்கள். ரெண்டு வாரத்தில் நாக்கு பழகிவிடும். இதற்குக் காசும் ஆகாது.

நேரம்

கூவம் கரையிலிருந்து கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் மாற்றப்பட்ட குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். வேலை பழைய இடத்தில், வீடு இருபது கிலோமீட்டருக்கு அப்பால். 2021 முதல் பெண்களுக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் டிக்கெட் காசு இல்லை, பெரிய உதவி, ஆனால் பேருந்தில் போகிற நேரத்தை யாரும் திருப்பிக் கொடுப்பதில்லை. காலை ஐந்துக்கு எழுந்து, ஆறு மணிக்கு வெறும் டீயோடு கிளம்பி, மதியம் மூன்று மணிக்கு முதல் சாப்பாடு, இரவு பத்துக்கு அடுத்தது. ராத்திரி நிறையச் சாப்பிட்டுப் படுத்து, ஆறு மணி நேரம்கூடத் தூங்காமல் மறுபடி கிளம்புவது. தூக்கம் குறைந்தால் பசி கூடும், அதுவும் இனிப்பு, எண்ணெய் மேல்தான் ஆசை போகும்.

இந்த ஓட்டத்தில் சமைப்பதற்கு நேரம் கண்டுபிடி என்று சொல்வது அபத்தம். சாப்பாட்டின் எடையை நாளின் முன்பக்கம் தள்ளுவது மட்டும் ஓரளவு முடியும். ராத்திரியே ஊறவைத்த பயறைக் காலையில் குக்கரில் ஒரு விசில், பாதி டிபன் டப்பாவுக்கு, பாதி சாயங்காலத்துக்கு. பெரிய சாப்பாடு மதியம், ராத்திரி ரெண்டு இட்லியோ, மோர் ஊற்றிய கொஞ்சம் சோறோ, முட்டையோ. அம்மா உணவகம் பக்கத்தில் இருந்தால் விட்டுவிடாதீர்கள், ஒரு ரூபாய் இட்லியை எண்ணெயில் குளித்த எதுவும் வெல்ல முடியாது. அங்கே காய் குறைவு, அதனால் கையில் ஒரு வெள்ளரிக்காயோ அவித்த முட்டையோ கொண்டுபோனால் சாம்பார் சாதம் முழுச் சாப்பாடாகிவிடும். பிள்ளைகள் அரசுப் பள்ளியில் படித்தால் ஐந்தாம் வகுப்பு வரை காலை உணவும், பத்தாம் வகுப்பு வரை சத்துணவு முட்டையும் அவர்கள் உரிமை. "நம்ம பிள்ளை அங்க சாப்பிடணுமா" என்ற கௌரவத்தில் பத்து ரூபாய் கொடுத்து அனுப்பினால் அது நேராகப் பெட்டிக்கடைச் சரத்துக்குத்தான் போகும்.

வீட்டில் ஆண்கள் காய் நறுக்கலாம். இதற்கு மேல் இதை விளக்கத் தேவையில்லை. இன்னொன்று, மிச்சத்தை வீணாக்கக் கூடாது என்று ராத்திரி பாத்திரத்தில் ஒட்டியிருப்பதையெல்லாம் அம்மாவே சாப்பிட்டு முடிக்கும் பழக்கம். சோறு மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வையுங்கள், காலையில் பழைய சோறு ஆகட்டும். அவள் வயிறு குப்பைத்தொட்டியாக இருக்க வேண்டாம்.

எங்கே நடப்பது

2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டத்துக்கு ஒன்றாக எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளை அரசு அறிவித்தது. சென்னையில் அது பெசன்ட் நகரில் வந்தது. மரம், கடல் காற்று, நல்ல நடைமேடை. நல்ல விஷயம்தான், ஆனால் வடசென்னையின் வியாசர்பாடியிலிருந்து அங்கே நடக்கப் போகிறவர் பஸ் பிடிக்க வேண்டும். ஏற்கெனவே நடக்க இடம் இருக்கிற பகுதிக்கே மேலும் நடக்க இடம் கிடைக்கிறது.

உங்கள் நோட்டில் தெருவை இன்னொரு முறை குறித்துக்கொள்ளுங்கள், இந்த முறை காலுக்காக. நடைபாதை எங்கே ஆரம்பித்து எங்கே டிரான்ஸ்ஃபார்மரிலோ பைக் வரிசையிலோ முட்டி நிற்கிறது, எந்த விளக்கு எரியவில்லை, மூடியில்லாத கால்வாய் எங்கே, நாய்க்கூட்டம் எந்த முனையில், டாஸ்மாக் எந்தப் பக்கம், பூங்கா இருந்தால் எத்தனை மணிக்குப் பூட்டுகிறார்கள். பெண்களிடமும் வயசுப் பெண் பிள்ளைகளிடமும் இதைத் தனியாகக் கேட்க வேண்டும், அவர்கள் சொல்லும் தெரு நீங்கள் பார்க்கும் தெருவாக இருக்காது. "அந்த வளைவு தாண்டினா பசங்க நிப்பாங்க" என்ற ஒரு வரியில் ஒரு பெண்ணின் நடைப்பயிற்சி மொத்தமும் முடிந்துவிடும்.

அதுவரைக்கும் என்ன செய்யலாம்? பள்ளி மைதானத்தைக் காலை ஆறிலிருந்து ஏழரை வரை திறந்துவிடச் சொல்லித் தலைமையாசிரியரைக் கேட்கலாம். கோயில் பிராகாரம், மசூதித் தெரு, சர்ச் வளாகம், எது பாதுகாப்போ அது. மாடிக் குடியிருப்பில் இருப்பவர்களுக்குப் படிக்கட்டு. பெண்கள் நாலைந்து பேர் சேர்ந்தே போவது, சுய உதவிக் குழுக் கூட்டம் நடக்கிற நாளில் கூட்டத்தை நடந்துகொண்டே நடத்தினாலும் தப்பில்லை. பஸ்ஸுக்கு ஒரு ஸ்டாப் முன்னால் இறங்குவது எளிய யோசனைதான், ஆனால் நாளெல்லாம் நின்று வேலை செய்தவரிடம் அதைச் சொல்லாதீர்கள், அவர் கால் ஏற்கெனவே வீங்கியிருக்கும். அவருக்கு நடையைவிடத் தூக்கமும் தட்டும்தான் முதலில் சரியாக வேண்டும்.

நோட்டை மனுவாக்குவது

திருமங்கலம்காரர்கள் செய்ததை மறக்க வேண்டாம். அவர்களிடம் காசும் நேரமும் படிப்பும் இருந்தது, அதனால் தாங்களே கட்டினார்கள். மற்றவர்கள் கேட்டு வாங்க வேண்டும். "எங்கள் பகுதியை மேம்படுத்துங்கள்" என்று எழுதினால் எதுவும் நடக்காது. உங்கள் கையில் இருக்கும் நோட்டு இங்கேதான் உதவும்: இந்தத் தெருவில், இந்த எண் கம்பத்தில் விளக்கு எரியவில்லை, இத்தனை வீட்டெண்ணுக்கு எதிரே கால்வாய் மூடி இல்லை, பூங்காவை இரவு ஒன்பது வரை திறந்துவையுங்கள், வாரம் இரண்டு நாள் சாயங்காலம் இந்த முனையில் காய்கறி வண்டிக்கு இடம் கொடுங்கள். ஒரு மனுவுக்கு ஒரு கோரிக்கை. சென்னையில் விளக்கு, கால்வாய்க்கு மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் கொடுத்துப் பதிவு எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அதே எண்ணோடு வார்டு கவுன்சிலர் நடத்தும் பகுதி சபையில் எழுந்து நின்று கேளுங்கள். கிராமம் என்றால் வருஷத்துக்கு ஆறு கிராம சபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. தீர்மான நோட்டில் ஏறாமல் கிளம்பாதீர்கள்.

பள்ளி வாசலுக்கு ஒரு சட்டமே கையில் இருக்கிறது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020ஆம் ஆண்டு விதிப்படி பள்ளி வாசலிலிருந்து எந்தப் பக்கமும் ஐம்பது மீட்டருக்குள் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவை மாணவர்களுக்கு விற்கக் கூடாது. இதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் வையுங்கள், அதில் பெற்றோர்தான் பெரும்பான்மை. ஆனால் வாசலில் தட்டு வைத்திருக்கும் பாட்டியைத் துரத்துவதற்கு இதைப் பயன்படுத்தாதீர்கள். அவரிடம் மாங்காயும் நெல்லிக்காயும் வேர்க்கடலையும்தான் இருக்கும், பெரும்பாலும் அந்த வாசலிலேயே உருப்படியான சரக்கு அதுதான். எதிர்க்கடையில் தொங்கும் சரம்தான் பிரச்சினை.

இவ்வளவும் செய்தபிறகும் இடுப்பளவு அசையாமல் இருக்கலாம். தைராய்டு, சினைப்பை நீர்க்கட்டி (பி.சி.ஓ.டி.), சில மாத்திரைகள், பிரசவத்துக்குப் பிந்தைய எடை என்று பல காரணங்கள் உண்டு, அவற்றுக்கு மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். இடுப்பளவு எல்லையைத் தாண்டியிருந்தால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சோதித்துக்கொள்ளுங்கள், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கேட்க மாட்டார்கள். மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தில் தெருவுக்கு வரும் பெண் தன்னார்வலர் எந்த நாளில் வருகிறார் என்று கேட்டு வையுங்கள், வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் அவர் வந்து திரும்பிப் போவதுதான் வழக்கமாக நடக்கிறது.

டேப்பை மாதம் ஒருமுறை எடுத்தால் போதும். ஒரே நேரத்தில், காலையில் சாப்பிடும் முன், அதே இடத்தில் அளந்து நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு எழுதுங்கள். மூன்று மாதத்தில் எடை அப்படியே இருந்து இடுப்பில் இரண்டு செ.மீ. இறங்கியிருந்தால் அது நல்ல செய்தி, தராசைப் பார்த்துச் சோர்ந்துபோய் விட்டுவிடாதீர்கள். எதுவுமே இறங்கவில்லை என்றால் மறுபடி எண்ணெய் பாட்டிலின் கோட்டையும் பத்து ரூபாய்க் கணக்கையும் ஒரு வாரம் எழுதிப் பாருங்கள், பெரும்பாலும் கசிவு அந்த இரண்டில் ஒன்றில்தான் இருக்கும்.